ம்புயூனியில் ஒரு வடைமாலை

ஆபிரிக்கக் காட்டில் நின்ற ஒரு பெண்குரங்குக்கு உளுந்துவடை மாலை நீட்டிய மனிதரை என்ன செய்யலாம்? சிவாஜினியைக் கேட்டால், தோலை உரித்து மெல்பேர்ணின் நோபல் பார்க் ஸ்டேஷன் வாசலில் காயப்போடலாம் என்பாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். சித்திரை வருடப்பிறப்பில் தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு எழும்பி, அதையே நினைத்துக்கொண்டு படுத்தவள் அவள்.

அந்த வீடியோ வந்ததே வருடப்பிறப்பு அன்றுதான். கணவன் கபிலனின் சொந்தக்காரர்கள் நடத்துகிற வாட்ஸ்அப் குழுவில், வாழ்த்துகளுக்கும் பொங்கல் பானைப் படங்களுக்கும் நடுவில் யாரோ அதைத் தட்டிவிட்டிருந்தார்கள். "இஞ்ச பாரும், உம்மட ஆபிரிக்கா" என்று கபிலன் சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினான். பாவம், அவனுக்கென்ன தெரியும்.

ஒரு சஃபாரி ஜீப்பின் ஜன்னல். வெளியே செம்மண் பாதை, பாதையை மூடிக் கவிந்த அத்திமரங்கள். ஜன்னலால் நீளக்கைச் சட்டை போட்ட ஒரு கை வெளியே நீளுகிறது. கையில் நூலில் கோத்த வடைமாலை. பாதையோரம் குந்தியிருந்த பபூன் குரங்கு ஒன்று எழும்பி வந்து, மாலையை முகர்ந்து பார்த்து, வாங்கி, ஒரு வடையைப் பிய்த்து வாயில் போடுகிறது. "பாருங்கோ, பாருங்கோ. சனிக்கிழமையும் அதுவுமா ஆஞ்சநேயர் நேர வந்து நிக்கிறார். நான் குடுக்கிறன், அவர் வாங்கிறார்" என்று ஓர் ஆண்குரல் தழதழக்கிறது. பின் இருக்கையில் யாரோ "அரோகரா" என்கிறார்கள். முருகனுக்குச் சொல்லவேண்டியதை எந்தச் சாமிக்குச் சொல்கிறோம் என்ற விவஸ்தைகூட இல்லை.

ஆஞ்சநேயராம். அதன் வயிற்றில் கறுப்பாய் ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிற ஆஞ்சநேயரை எந்தக் கோயிலில் கண்டார்களோ தெரியாது. அந்தத் தாய்க்கு இடது காதில் பாதி இல்லை. சிவாஜினி கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். அந்தக் காதை அவள் மூன்று வருடம் தினமும் பார்த்தவள். அது பொன்னி. அந்த வீடியோ எடுத்து இரண்டு மாதத்தில் பொன்னியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

தான்சானியாவின் ம்புயூனி தேசியப் பூங்காவில் சிவாஜினி பபூன் குரங்குகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் வேலை செய்தவள். ம்புயூனி என்றால் அவர்கள் மொழியில் பெருக்கமரத்தடி. மன்னாரில் அராபியன் கொண்டுவந்து நட்டது என்று காட்டுகிறார்களே, அதே பெருக்கமரம், பாவோபாப். அங்கே ஒருவரும் நடாமலே வெளி முழுக்க நிற்கிறது, அடிமரத்தை யானைகள் கொம்பால் குடைந்து தின்ற பள்ளங்களோடு. மேற்கே மதில் கட்டினாற்போல் ஒரு மலைச்சரிவு. அதன் காலடியில் ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த அத்திக்காடு. காட்டைத் தாண்டினால் புல்வெளி, புல்வெளியைத் தாண்டினால் உவர் ஏரி. ஏரி ஓரம் முழுக்க பூநாரைகள் இளஞ்சிவப்பாய் நிற்கும், காற்று மாறினால் நாற்றமும் வரும்.

கோடையில் அங்கே ஆறு வற்றிப் போகும், மணல்தான் மிஞ்சும். அந்த மணலை யானைகள் காலால் கிளறி, தும்பிக்கையால் தோண்டி, ஆள் உயரத்துக்குக் கிணறு வெட்டும். தாய் யானை குடித்துக் குட்டிக்கும் கொடுத்துவிட்டுப் போகும்வரை வரிக்குதிரைகள் தள்ளி நிற்கும். வரிக்குதிரைகளுக்குப் பிறகு மான்கள். எல்லாரும் போன பிறகு கடைசியாய்ப் பபூன்கள் இறங்கி, கையூன்றிக் குனிந்து, மிஞ்சின தண்ணீரை உறிஞ்சும். அப்படி வாய் வைப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று நாணல்புதரைப் பார்ப்பவள் பொன்னி. புதருக்குள் சிங்கம் கிடக்கும். பொன்னி பார்த்துவிட்டாள் என்றால் மற்றவர்கள் பயமில்லாமல் குடிப்பார்கள்.

பபூன் கூட்டத்தில் அதிகாரம் தாய்வழி. தாய் இருக்கிற இடம் மகளுக்கு. பொன்னிக்குப் பூரணி என்று, வால்நுனி மடிந்த வளர்ந்த மகள் ஒருத்தி, பிறகு இந்தக் கறுப்புக்குட்டி. பேர் வைக்கிற உரிமையைச் சிவாஜினிக்குக் கொடுத்தது அவளோடு வேலை செய்த நீமா என்ற தான்சானியப் பெண். "உன் மொழியிலேயே வை, எனக்குச் சொல்லப் பழகும்" என்றாள். நீமாவின் வாயில் பூரணி 'புராணி' ஆகிவிடுவாள்.

வேலையின் முதல் சட்டம், மனிதச் சாப்பாட்டைக் குரங்கின் கண்ணில் காட்டக்கூடாது. காட்டினால் அது மனிதரைத் தேடி வரத் தொடங்கும், வரத் தொடங்கினால் ஒரு நாள் கடிக்கும், கடித்தால் பூங்காவின் ஆட்கள் துவக்கோடு வருவார்கள். அதனால் மூன்று வருடமும் சிவாஜினி மதியச் சாப்பாட்டை ஜீப்புக்குள் ஜன்னலை மூடிக்கொண்டு, அந்த வெயிலில் வேர்த்து வடிய, தலையைக் குனிந்து மறைத்துத்தான் தின்றாள். பொன்னி கையெட்டும் தூரத்தில் வந்து குந்தி அவளுடைய சப்பாத்து நாடாவை அவிழ்த்து விளையாடியிருக்கிறாள். ஒரு பருக்கை கொடுத்ததில்லை. கொடுக்காமல் இருந்ததுதான் அவள் பொன்னிக்குச் செய்த அன்பு.

ஆராய்ச்சிக்கு வந்த பணம் முடிந்து அவள் மெல்பேர்ணுக்குத் திரும்பி, கிளேய்ட்டனில் ஒரு கணினிக்கு முன்னால் அதே குரங்குகளின் வீடியோக்களைப் பார்த்துப் பதிவு செய்கிற வேலையில் இருந்தபோதுதான் நீமாவிடமிருந்து செய்தி வந்தது. பொன்னி ஒரு சுற்றுலா ஜீப்பின் திறந்த கூரையால் உள்ளே குதித்துவிட்டாள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முழங்கையைக் கடித்துவிட்டாள். அடுத்த நாளே சுட்டுவிட்டார்கள். கறுப்புக்குட்டியைப் பூரணி தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவளுக்குப் பால் ஏது? குட்டி செத்த பிறகும் காய்ந்துபோகும்வரை அதைக் காலில் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்தாளாம். "யாரோ ஒரு கூட்டம் ஒரு கிழமை முழுக்க அந்தப் பாதையில் ஓட்டை போட்ட எண்ணெய் ரொட்டியைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார்களாம், சாரதி சொன்னான்" என்றாள் நீமா. ஓட்டை போட்ட ரொட்டி, கயிறு. சிவாஜினிக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு தமிழச்சிக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இப்போது விளங்கியது.

"ஆர் இந்தாள்?" என்று கேட்டாள்.

"அரியரத்தினம் அங்கிள். வீடு வித்துக் குடுக்கிற வேலை செய்து ரிட்டயர் ஆனவர். ஒவ்வொரு ஜூலையும் ஆக்களைச் சேர்த்து டூர் கூட்டிக்கொண்டு போவார். போன வருசம்தான் முதன்முதல் ஆபிரிக்கா. இந்த வீடியோவைக் காட்டாத வீடில்லை. நான் குடுத்தனான், ஆஞ்சநேயர் என்ர கையாலை வாங்கினவர் எண்டு ஒரே பெருமை." கபிலன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன், என்ன?"

அவள் சொன்னாள். கேட்டு முடிய அவனுக்கும் முகம் செத்துவிட்டது. ஆனால் கபிலன் நேர்வழி ஆள். "நம்பர் இருக்கு. இப்பவே ஒரு கோல் அடிச்சுச் சொல்லும். இந்த ஜூலையும் அங்கதான் போயினமாம். பூரணி அங்க நிக்கிறாளெல்லோ?"

அதைத்தான் செய்திருக்க வேண்டும். யாருக்கும் தெரிகிற விஷயம். ஆனால் சிவாஜினிக்கு அடிவயிற்றில் பற்றிய தீ வேறு விதமாய்க் கணக்குப் போட்டது. கோல் அடித்தால் என்ன நடக்கும்? 'ஐயோ பிள்ளை, தெரியாமச் செய்திட்டம்' என்பார். ஒரு 'சொரி' சொல்லி மன்னிப்புக் கேட்பார். அவ்வளவுதான். வீடியோவை அழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசின் கோயிலில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கறியும் சோறும் தின்பார். பொன்னியின் உயிருக்கு ஒரு தேங்காயா? அவளுக்கு அவருடைய சொரி வேண்டாம். அவர் எந்தச் சனத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தினாரோ அந்தச் சனத்துக்கு முன்னால் அவர் தலை குனிய வேண்டும். குனிந்த தலை பிறகு நிமிரக்கூடாது.

"நான் சொல்லுவன். எப்ப சொல்லுறது எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

நீமாவுக்கும் எழுதினாள், யார் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று. நீமா உடனே பதில் அனுப்பினாள்: நல்லது, அவர்களிடம் பேசு.

தெய்வம் கேட்டவளுக்குக் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும், என்ன தெய்வம் என்பது வேறு கதை. மே மாதம் அரியரத்தினமே அவளுக்கு ஃபோன் எடுத்தார். "பிள்ளை, நீங்கள் ம்புயூனியிலை வேலை செய்தனீங்களாம், இப்பதான் கேள்விப்பட்டன். எங்கட ஆக்களுக்குள்ள இப்பிடி ஒரு பிள்ளை இருக்கிறது எங்களுக்கெல்லாம் பெருமை." குரலில் சர்க்கரை. ஜூலையில் போய்வந்த பிறகு, ஓகஸ்ட் கடைசியில் மண்டபம் எடுத்துப் பெரிய திரையில் படம் காட்டப் போகிறாராம், அதற்கு அவள் பிரதம விருந்தினராக வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"கட்டாயம் வாறன் அங்கிள்" என்றாள் சிவாஜினி.

"நல்லது, நல்லது. அன்ரி இப்பவே உளுந்து வாங்கி வைச்சிட்டா" என்று அவர் சிரித்தார். "நீங்கள் அங்க இருந்தனீங்கள், நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ பிள்ளை."

இதைவிட ஒரு மனிதன் எப்படிக் கதவைத் திறந்து வைப்பான்? ஒரு வசனம் போதும். வடை கொண்டுபோகாதேங்கோ அங்கிள். அந்த வசனம் அவள் நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. இதைச் சொன்னால் மண்டபம் இல்லை, திரை இல்லை, குனிந்த தலை இல்லை. அவள் அதை விழுங்கினாள்.

"ஒண்டுமில்லை அங்கிள். சந்தோசமாப் போட்டு வாங்கோ."

ஃபோனை வைத்தபோது அவளுக்குக் குஷியாய் இருந்தது. அன்று பின்னேரமே அவள் பேச்சைத் தயாரிக்கத் தொடங்கினாள். பொன்னியின் படங்களை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்கினாள். பொன்னி மணலில் கைவிட்டுக் கிழங்கு கிண்டுவது. மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குட்டியை மடிக்குள் மூடிக் குந்தியிருப்பது. சிறுத்தை வந்த நாளில் மரக்கொப்பில் நின்று குரைப்பது. கடைசியில், லொறிப் பெட்டியில் வாய் திறந்து கிடப்பது. அது நீமா அனுப்பியது. அதற்கு அடுத்து அரியரத்தினத்தின் வீடியோ, அவருடைய குரலோடு. இரண்டையும் எந்த வரிசையில் வைத்தால் ஆழமாய் இறங்கும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள், சும்மா சொல்லக்கூடாது, இந்த வேலையில் அவளுக்குப் புத்தி நன்றாகத்தான் ஓடியது.

ஜூலை நெருங்க நெருங்கக் கபிலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இன்னும் சொல்லேல்லையா நீர்? அவை வெள்ளிக்கிழமை பிளேன் ஏறினம். பூரணி பழகிட்டாள் எண்டால்?"

"போன முறை குடுத்ததுக்கே அவள் பழகேல்லை. தாயைச் சுட்டதைக் கண்டவள், ஜீப் பக்கம் வரமாட்டாள்."

"அது உமக்கு நிச்சயமாத் தெரியுமோ?"

"நான் குரங்கு படிச்சனானோ நீங்களோ?"

அவன் எழும்பிப் போய்விட்டான். அவளுக்கு நிச்சயமாய்த் தெரியாது. தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். பபூன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றிடம் அடிவாங்கிய குரங்கு சில வேளை அந்தக் குரங்கை விட்டுவிட்டு, அதன் அக்காவையோ மகளையோ தேடிப்போய்ப் பிடரியில் கடிக்கும். ஒரு பாவமும் செய்யாதது புல்லுக்குள் கிடந்து கத்தும். இதைச் சிவாஜினி எத்தனையோ தடவை பதிவு செய்திருக்கிறாள். படித்ததெல்லாம் படிப்போடு நின்றது.

வெள்ளிக்கிழமை அவர்கள் ஏறினார்கள். சனிக்கிழமைகளும் வந்தன.

ஓகஸ்ட் நடுவில், கிளேய்ட்டனில் வேலை நேரத்தில், நீமாவின் குரல் செய்தி வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் பூரணி ஒரு சின்னப் பிள்ளையைக் கீழே தள்ளி, கையிலிருந்ததைப் பறித்துவிட்டாள். பிள்ளைக்குக் கன்னத்தில் நகக்கீறல். சுட்டுவிட்டார்கள். "அதே பாதை, அதே ஓட்டை ரொட்டி" என்றது நீமாவின் குரல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, காற்றுச் சத்தம் மட்டும். பிறகு, "நீ அவர்களிடம் பேசினாயா, சிவா?"

அந்தக் கேள்விக்குச் சிவாஜினி பதில் அனுப்பவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். நெஞ்சு கிழிகிற அழுகை, பொய்யில்லை. அழுது முடிய முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்குள் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: இரண்டு. இரண்டு உயிர் அரியரத்தினத்தின் கழுத்தில். இரண்டுக்கும் வாங்குவேன். வந்து கணினியில் பூரணியின் படத்தையும் பேச்சின் முடிவில் சேர்த்தாள். அன்று கபிலன் அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக்கொண்டான். அவன் குசினிக்குள் நின்று நெடுநேரம் கோப்பை கழுவினான்.

மண்டபம் நிரம்பியிருந்தது. மெல்பேர்ணின் ஓகஸ்ட் குளிருக்கு எல்லாரும் கோட்டும் சால்வையுமாய். வாசலிலேயே அரியரத்தினம் கைகூப்பி அவளை வரவேற்றார், பட்டுவேட்டி, தோளில் சால்வை, நெற்றியில் சந்தனம். மாப்பிள்ளைக் கோலம்தான். அவருடைய மனைவி ரஞ்சினி மண்டபத்துக் குசினிக்குள்ளிருந்து மாப் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வா பிள்ளை, வா. மெலிஞ்சு போய்க் கிடக்கிறாய். தேத்தண்ணி தரட்டோ?" ஒல்லியான மனுசி. தலைமயிர் கட்டையாய், முழுக்கக் கொட்டித் திரும்ப வளர்ந்ததுபோல். சிவாஜினி வேண்டாம் என்றாள். இவர்கள் வீட்டுத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எப்படி அடிப்பது?

முதலில் அரியரத்தினத்தின் படம் ஓடியது. ஆளைத் திட்டலாம், படத்தைத் திட்ட முடியாது. மலைச்சரிவில் வெயில் இறங்குகிறது. பெருக்கமரத்தடியில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று காலை அகட்டிக் குனிந்து தண்ணீர் குடிக்கிறது. மணலாற்றில் தாய் யானை தோண்டுகிறது, வரிக்குதிரைகள் காத்து நிற்கின்றன. சிவாஜினி முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தன் வீட்டை அந்நியன் திறந்து எல்லாருக்கும் சுற்றிக் காட்டுகிறதுபோல் இருந்தது. பிறகு அத்திக்காட்டுப் பாதை வந்தது. ஜன்னல், கை, மாலை. பாதையோரத்திலிருந்து எழும்பி வந்தவளுடைய வால்நுனி மடிந்திருந்தது. பூரணி. தாயைப்போலவே முகர்ந்து பார்த்தாள், தாயைப்போலவே வாங்கினாள். மண்டபம் கைதட்டியது.

"இந்த முறையும் ஆஞ்சநேயர் என்ர கையாலைதான் வாங்கினவர்" என்றார் அரியரத்தினம் ஒலிவாங்கியில். "இனி எங்கட பிள்ளை சிவாஜினி பேசுவா."

அவள் மேடையில் ஏறி, வணக்கம் சொல்லி, அமைதியாய்த் தொடங்கினாள். பொன்னியை ஒவ்வொரு படமாய்க் காட்டினாள். கிழங்கு கிண்டுகிற பொன்னிக்குச் சிரித்தார்கள், மழையில் நனைகிற பொன்னிக்கு உச்சுக் கொட்டினார்கள். குட்டியின் படத்துக்கு ஓர் அம்மா "என்ர குஞ்சு" என்றே சொல்லிவிட்டாள். அவர்கள் எல்லாரும் பொன்னியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாய் நினைக்கும்வரைக்கும் சிவாஜினி பொறுத்திருந்தாள். பிறகு லொறிப் பெட்டிப் படத்தைப் போட்டாள்.

"இவவைச் சுட்டது சட்டம். சுட வைச்சது ஆர் எண்டு காட்டுறன்" என்றாள்.

வீடியோ ஓடியது. சனிக்கிழமையும் அதுவுமா ஆஞ்சநேயர் நேர வந்து நிக்கிறார். யாரும் அரோகரா சொல்லவில்லை. முடிய, குட்டியை இழுத்துக்கொண்டு போகிற பூரணி. அதற்குப் பிறகு, சற்றுமுன் கைதட்டு வாங்கிய அதே பூரணி, மடிந்த வால்நுனியோடு புல்லில் விறைத்துக் கிடப்பது.

"இது போன கிழமைக்கு முதல் கிழமை. நீங்கள் இப்ப கைதட்டினது இவவுக்குத்தான்." அவள் முன்வரிசையைப் பார்த்தாள். "குரங்கின்ர கையிலை பூமாலை எண்டு சொல்லுவினம். குரங்கு பூமாலையைத்தான் பிய்க்கும். நாங்கள் குரங்கையே பிய்ச்சுப் போட்டம். அந்தக் குரல் உங்கடதானே அங்கிள்?"

அரியரத்தினம் எழும்பினார். சந்தனத்துக்கு மேலால் வியர்வை. ஒரு மனிதனுடைய முகத்தில் இரத்தம் வடிந்து போவதை அவள் அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. "குரல் என்ரதான்" என்றார். பிறகு, மண்டபம் முழுக்கக் கேட்க, "கை என்ர இல்லை. நான் படம் எடுத்தனான். குடுத்தது இவ. ரஞ்சினி. ரெண்டு தரமும் இவதான் குடுத்தவ."

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்: "அப்ப ஒரு வருசமா நான் குடுத்தனான், நான் குடுத்தனான் எண்டது?"

அதற்குப் பிறகு வந்த சிரிப்பு இருக்கிறதே, அது நல்ல சிரிப்பில்லை. பெருமைக்குத் தன் கை, பழிக்குப் பெண்டாட்டியின் கை. வயதுபோன மனிதர் ஒருவர் காறித் துப்பாத குறையாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோட்டை மாட்டினார். கதிரைகள் இழுபட்டன. வருகிற வருடத்துக்குப் பேர் கொடுத்திருந்த இரண்டு குடும்பம் அவரிடம் வந்து, எங்களை விட்டுவிடுங்கோ என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டுப் போனது. அரியரத்தினம் தோளில் கிடந்த சால்வையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு முன்வரிசையில் தனியே இருந்தார். தலை குனிந்திருந்தது. அவள் கேட்ட அதே குனிவு, அவள் கேட்ட அதே இடத்தில்.

இனித்தது. ஏன் மறைக்க வேண்டும், நாவில் தேன் தடவினாற்போல் இனித்தது சிவாஜினிக்கு. இறங்கி வரும்போது கால் தரையில் படவில்லை. கபிலன் கடைசி வரிசையில் நின்றான். அவனை நோக்கி நடக்கையில் குசினிக் கதவடியிலிருந்து, "பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போ" என்று ரஞ்சினி கூப்பிட்டாள்.

அழுகையோ வசவோ வரும், வரட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சிவாஜினி உள்ளே போனாள். இரண்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது. குசினிக்குள் எண்ணெய் மணம் நிறைந்திருந்தது. மேசை நிறைய, கூட்டம் முடியக் கொடுப்பதற்கென்று சுட்ட வடை, அலுமினியத் தட்டுகளில், மேலே கடதாசி போட்டு மூடி. ஒன்றையும் யாரும் தொட்டிருக்கவில்லை. ரஞ்சினி அழவில்லை. கதிரையில் இருந்துகொண்டு தன்னுடைய வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சிலை கட்டி எண்டு எடுத்தவங்கள்" என்றாள் நிமிராமல். "ஆஞ்சநேயருக்குத்தான் நேர்ந்தனான், சுகமானால் வடைமாலை எண்டு. சுகமாச்சுது. அங்க போன இடத்திலை, சனிக்கிழமை, அது அந்தக் கண்ணாலை என்னையே பார்த்துக்கொண்டு வந்திது. குட்டியைக் கண்டனான். தாயாத்தான் வந்திருக்கிறார் எண்டு நினைச்சன்."

சிவாஜினி தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

"மகளும் அப்பிடியே பார்த்தாள். அதே பார்வை." ரஞ்சினி இப்போது நிமிர்ந்தாள். "உனக்கு எப்ப தெரியும் பிள்ளை, தாய் செத்தது எங்களாலை எண்டு?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய்தான் வரவில்லை. "சித்திரையிலை" என்றாள்.

"நாங்கள் போனது ஜூலை."

"ஓம்."

"எங்கட நம்பர் உன்னட்டை இருந்தது."

"ஓம் அன்ரி."

மண்டபத்தில் யாரோ கதிரைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. ரஞ்சினி நெடுநேரம் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சிவாஜினி தாங்கியிருப்பாள்.

"அவர் ஒரு மடையன். நான் ஒரு விசரி. நாங்கள் தெரியாமக் கொன்றனாங்கள். தாய் என்ர கணக்கு, நான் சுமக்கிறன்." அவள் மேசையைப் பிடித்து எழும்பினாள். "மகள் உன்ர கணக்கு."

புல்லில் விறைத்துக் கிடந்த பூரணிதான் சிவாஜினியின் கண்ணுக்குள் நின்றாள், காற்றுச் சத்தத்துக்குப் பிறகு வந்த நீமாவின் கேள்வியும். இவ்வளவு நாளும் யாருடைய கழுத்தில் அதைக் கட்டலாம் என்று ஓடித் திரிந்தது எல்லாம் இதிலிருந்து தப்பத்தான் என்று அவளுக்கு உறைத்தது.

ரஞ்சினி லாச்சியைத் திறந்து கறுப்புக் குப்பைப்பை ஒன்றை எடுத்து உதறி விரித்தாள். ஒரு தட்டைத் தூக்கினாள். ஒரு கையால் தட்டும் மறு கையால் பையுமாய்ப் பிடிக்க அந்த ஒல்லிக் கையால் ஏலவில்லை. இரண்டு வடை தரையில் விழுந்து உருண்டது.

"பார்த்துக்கொண்டு நிக்காமல் பிடி" என்றாள்.

சிவாஜினி போய்ப் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். ரஞ்சினி தட்டைச் சரித்தாள். வடைகள் இன்னும் சூடாய் இருந்தன. ஒவ்வொரு தட்டாய்க் கொட்டி முடியும்வரை சிவாஜினி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.